விசிலுக்குப் பிறகு மூன்று விநாடி

திரையில் அவன் தலையில் ஒரு புள்ளி வைத்தேன். பிறகு கழுத்து, இடது தோள், வலது தோள், முழங்கைகள், மணிக்கட்டுகள், இடுப்பு, முழங்கால்கள், கணுக்கால்கள். வரிசை தப்பக் கூடாது, தப்பினால் கம்ப்யூட்டர் அவனுடைய கையைக் கால் என்று படித்துக்கொள்ளும் என்று சேர்ந்த முதல் நாளே சூப்பர்வைசர் அல்போன்ஸ் சொல்லியிருந்தான். மணி ஒன்று பத்து. சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது வாயில் இன்னும் கேக்கின் இனிப்பு இருந்தது. காலையில் கேன்டீனில் கேக் வெட்டினார்கள். கொக்கு டீம் ஜெயித்துவிட்டது. அமெரிக்காவில் ஞாயிறு சாயங்காலம் தொடங்கிய இறுதிப் போட்டி நமக்குத் திங்கட்கிழமை விடிகாலை ஐந்து மணி. ஒன்பதுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. நான் ஷிப்டுக்கு வந்து சேர்ந்தபோது டிவியில் காகிதத் துணுக்குகள் மழை மாதிரி விழுந்துகொண்டிருந்தன, யார் யாரோ யார் யாரையோ தூக்கிக்கொண்டிருந்தார்கள். அறுபத்து நாலாம் எண் சட்டைக்காரன் எங்கே என்று தேடினேன். காட்டவில்லை. பந்தைத் தொட்டவர்களைத்தான் டிவி காட்டும். அந்த அணிக்கு வேறு பெயர் உண்டு, ஹெல்மெட்டின் பக்கவாட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு பறவை ஒற்றைக்காலில் நிற்பதால் சரவணம்பட்டியில் இந்த மாடியில் உட்கார்ந்திருக்கிற நாற்பது பேருக்கும் அது கொக்கு டீம். அமெரிக்காவில் இதற்குத்தான் கால்பந்து என்று பேர், காலால் உதைப்பது எப்போதாவதுதான். கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிறார்கள், ஓடுகிறவனை விழுத்தாட்ட எதிராளிகள் பாய்கிறார்கள். ஒவ்வொரு பாய்ச்சலும் ஆறு ஏழு விநாடி. அந்த ஆறு ஏழு விநாடியை வெட்டி ஒரு க்ளிப்பாக அனுப்புவார்கள், நாங்கள் நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு உடம்பிலும் புள்ளி வைப்போம். மனுஷன் எப்படி ஓடுகிறான், எப்படி விழுகிறான் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்கிற வேலை. இன்றைக்கு என் பங்குக்கு முப்பத்தெட்டு க்ளிப். ஆட்டத்தின் மூன்றாம் பாகத்திலிருந்து முடிவு வரைக்கும். முடிவு தெரிந்த ஆட்டம். தெரிந்தும் ஒவ்வொரு க்ளிப்பிலும் அவனைத்தான் முதலில் தேடுகிறேன்.

செப்டம்பரில் எனக்கு நடு வரிசையைக் கொடுத்தார்கள். பந்தை எடுப்பவனுக்கு முன்னால் சுவர் மாதிரி ஐந்து பேர் குனிந்து நிற்பார்கள், அதில் இடமிருந்து இரண்டாவது ஆள் அறுபத்து நாலு. முதுகில் ஹால்வர்சன் என்று போட்டிருக்கும். பந்தைத் தொடுவது அவன் வேலையில்லை. வருகிறவர்களை நெஞ்சாலும் தோளாலும் தலையாலும் மறிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு ஆட்டத்துக்கு அறுபது எழுபது தடவை. அவனை யாரும் பார்ப்பதில்லை, நான் பார்த்தேன். வேறு வழியில்லை, அவன் தலையில் புள்ளி வைக்க வேண்டியது நான்தான். முதல் மூன்று ஆட்டமும் தோற்றார்கள். தோற்றுப் போகிறபோது மற்றவர்கள் ஹெல்மெட்டைத் தரையில் அடிப்பார்கள், இவன் பக்கத்தில் நிற்கிறவனின் ஹெல்மெட்டில் இரண்டு தட்டுத் தட்டுவான், அழாதே என்கிற மாதிரி. நாலாவது ஆட்டத்திலிருந்து ஜெயிக்க ஆரம்பித்தார்கள். மழையில் ஜெயித்தார்கள், டிசம்பரில் கோடு தெரியாத பனியில் ஜெயித்தார்கள், அன்றைக்கு எல்லாரும் வெள்ளையாகிவிட யார் கால் யாருடையது என்று தெரியாமல் இரண்டு நாள் கண்ணெரிய உட்கார்ந்தேன். அல்போன்ஸ் சுவரில் ஒரு அட்டை மாட்டி ஒவ்வொரு வெற்றிக்கும் கொக்குப் படம் ஒட்டினான். கிளையன்ட்டுக்கு அந்த ஊர் டீம் என்பதால் அவர்களுக்குச் சந்தோஷம், அவர்கள் சந்தோஷப்பட்டால் நமக்கும். விசில் ஊதியதும் என் வேலை முடிந்துவிடும், புள்ளி தேவையில்லை. ஆனால் க்ளிப் உடனே நிற்காது. விசிலுக்குப் பிறகு மூன்று விநாடி ஓடும். மற்றவர்கள் அதைப் பார்க்க மாட்டார்கள், அடுத்ததை அமுக்கிவிடுவார்கள். நான் பார்த்துப் பழகிவிட்டேன். விழுந்தவர்கள் எழுந்திருக்கிற மூன்று விநாடி அது. அறுபத்து நாலு செப்டம்பரில் ஒரே துள்ளலில் எழுந்திருப்பான். அக்டோபரில் ஒரு கையை ஊன்றினான். நவம்பரில் இரண்டு கை.

நவம்பரில் பதினோராவது வாரம். எதிராளியின் முழங்கால் அவன் ஹெல்மெட்டின் பக்கத்தில் பட்டது. விழுந்தான், எழுந்தான். இரண்டு கையும் ஊன்றி, முட்டி போட்டு, பிறகு எழுந்தான். எழுந்து எதிராளிகள் கூடி நிற்கிற இடத்துக்குப் போய் அவர்களில் ஒருத்தன் மாதிரி நின்றுகொண்டான். பக்கத்தில் நின்றவனின் ஹெல்மெட்டில் இரண்டு தட்டுத் தட்டினான். அவர்கள் சிரித்தார்கள். இவன் டீம் ஆள் ஒருத்தன் ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்துப் போனான், அவனும் சிரித்தான். க்ளிப் நின்றது. நான் திரும்பப் போட்டேன். திரும்ப. அடுத்த க்ளிப்பில் அவன் பழையபடி குனிந்து நிற்கிறான், தலையில் புள்ளி வைக்கச் சொல்கிறது திரை. கீழே குறிப்பு எழுதுகிற பெட்டியில் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன், மூன்று தடவை அழித்து அழித்து: இந்த ஆளுக்குத் தலையில் அடி, இடம் தெரியாமல் நடக்கிறார், தயவுசெய்து யாராவது பாருங்கள். மறுநாள் அல்போன்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். “அக்கா, இது என்ன எழுதியிருக்கீங்க? இந்தப் பெட்டி வீடியோ மங்கலா இருந்தா எழுதறதுக்கு. நாம என்ன டாக்டரா?” “இல்லீங்க சார். ஆனா அவன் எதிர் டீம்ல போயி நிக்கறானுங்க. அவங்க சட்டையப் புடிச்சு இழுத்துட்டுப் போறாங்க.” “அங்கயே டாக்டருங்க நிப்பாங்கக்கா. அவங்க பாக்காததயா நீங்க இங்க உக்காந்து பாத்துட்டீங்க? அதுவும் இந்த ஆட்டம் முடிஞ்சு மூணு நாளாச்சு.” மூன்று நாளாச்சு. நான் எதைப் பார்த்தாலும் அது முடிந்த பிறகுதான் பார்க்கிறேன். கிளையன்ட்டிடமிருந்து வந்த மெயிலை அவன் எனக்குக் காட்டினான், வேலைக்குச் சம்பந்தமில்லாத குறிப்புகளைத் தவிர்க்கவும் என்று ஒரே வரி. “இன்னொரு தடவ இப்படி வந்தா உங்கள வண்டி ப்ராஜெக்ட்டுக்கு மாத்திருவாங்கக்கா, அப்புறம் நாள் பூரா ரோட்டுல போற லாரிக்குக் கட்டம் போட்டுட்டு இருக்கணும்.” அல்போன்ஸ் கெட்டவன் இல்லை. சாரி சார் என்றேன். வேறு யாராவது உட்கார்ந்தால் அந்த மூன்று விநாடியைப் பார்க்கக்கூட மாட்டார்களே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பார்த்து மட்டும் என்ன கிழித்தேன்? டிசம்பர், ஜனவரி, ஒவ்வொரு வாரமும் அவன் தலையில் புள்ளி வைத்தேன், வாயைத் திறக்கவில்லை.

சிரித்தார்கள் என்றேனே, நானும் சிரித்தேன். இவனைப் பார்த்து இல்லை. நாலு வருசத்துக்கு முன்னால், காணும் பொங்கல் அன்றைக்கு, காங்கயத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில். என் வீட்டுக்காரர் குழந்தைவேல் கபடியில் கார்னர் ஆள். வாரம் ஆறு நாள் எண்ணெய் மில்லில் நின்றுவிட்டு ஏழாவது நாள் மண்ணில் புரளுவார். அந்த வருசம் அவர்கள் டீம் தை மாசத்துக்குள் ஒன்பது ஊரில் கப் வாங்கியிருந்தது, பத்தாவது சொந்த ஊரில். கடைசி ரைடு. ஒரு பாயிண்ட் முன்னால் இருந்தார்கள். பாடி வந்தவனின் கணுக்காலை இவர் பாய்ந்து பிடித்தார், அவன் உதறின உதறலில் முழங்கால் இவர் காதுக்கு மேலே பட்டது. சத்தம் எனக்குக் கேட்கவில்லை, கேட்டிருக்க முடியாது, அவ்வளவு கூச்சல், ஆனாலும் இப்போது நினைத்தால் எனக்குச் சத்தத்தோடுதான் வருகிறது. பிடியை விடவில்லை. விசில். ஜெயித்தாயிற்று. எழுந்து தொடையைத் தட்டினார். பிறகு நேராக நடந்து போய் எதிர் டீம்காரர்களோடு வரிசையில் நின்றுகொண்டு அவர்கள் தோளில் கையைப் போட்டார். கூட்டம் ஹோவென்று சிரித்தது. தோத்தவனுக்கு ஆறுதல் சொல்லப் போயிட்டான் பார் என்று மைக்கில் சொன்னார்கள். நான் பெண்கள் பக்கம் நின்றிருந்தேன், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன், பெருமையாகக்கூட இருந்தது. அந்தச் சிரிப்பை என்னால் எடுத்துத் தூர வைக்க முடியவில்லை. சில நாள் பல் துலக்கும்போது கண்ணாடியில் வாயைப் பார்த்தால் அது அங்கேயே இருக்கிறது.

இருபத்தி ரெண்டாவது க்ளிப். அறுபத்து நாலு நன்றாகத்தான் நிற்கிறான். நான்தான் பயப்படுகிறேன். தலை, கழுத்து, இடது தோள். இடது தோள் தாழ்ந்திருக்கிறது, அது பனி ஆட்டத்திலிருந்தே அப்படித்தான். விசில். மூன்று விநாடி. எழுந்துவிட்டான். இருபத்து மூன்று. எழுந்துவிட்டான். அந்தக் காணும் பொங்கல் சாயங்காலம் பால் அடுப்பில் இருந்தது. அன்றைக்கு அஞ்சரை மணி இருக்கும், கலர்ப்பொடியும் மாலையுமாக அவர் வந்தார், கப்பை யாரோ தூக்கிக்கொண்டு ஊர்வலம் போய்விட்டார்கள், இவர் மட்டும் வந்துவிட்டார். அதுவே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஜெயித்தவன் எவன் ஊர்வலத்தை விட்டுவிட்டு வீட்டுக்கு வருவான்? சமையல்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “கண்ணு, தல கனமா இருக்குது.” வார்த்தை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தது. நான் திரும்பவில்லை, பால் பொங்குகிற நேரம். “குடிச்சுப்போட்டு வந்துருக்கீங்களா?” “இல்ல கண்ணு.” “சிவன்மலையில சத்தியம் பண்ணி மூணு மாசமாகல. அதுக்குள்ள கூட்டாளிக ஊத்திக் குடுத்துட்டாங்களா?” “இல்ல புள்ள, தல…” “போயிப் படுங்க. அப்பறம் பேசிக்கலாம்.” போய்ப் படுத்தார். சொன்னதும் போய்ப் படுக்கிற ஆள் இல்லை அவர், ஒன்றுக்கு ரெண்டாய் எதிர்த்துப் பேசுகிற ஆள். அன்றைக்குச் சொன்னதும் போனார். கொஞ்ச நேரத்தில் குறட்டை. அவருக்குக் குறட்டை கிடையாது. குடித்திருந்தால் வரும். அதனால் குடித்திருக்கிறார் என்பது எனக்கு உறுதியாகிவிட்டது. டிவியில் பொங்கல் சிறப்பு நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது, குறட்டை கேட்காமலிருக்கச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். ரெண்டு தடவை கூட்டினேன். எழுபது நிமிஷம் என்று பிறகு கணக்குப் போட்டேன், அஞ்சே முக்காலிலிருந்து ஆறு அம்பத்தஞ்சு வரைக்கும்.

இருபத்தேழாவது க்ளிப்பில் பட்டது. எதிராளி கையை அகலமாக வீசித் திரும்புகிறான், முழங்கை ஹெல்மெட்டுக்கு முன்னால் இருக்கிற கம்பியில் இடிக்கிறது, அறுபத்து நாலின் தலை ஒரு பக்கமாகப் போய்த் திரும்பி வருகிறது. அந்தத் திரும்பலை ஒவ்வொரு படமாக நகர்த்தினால் பதினொரு படம். பதினொன்றிலும் தலையில் புள்ளி வைக்க வேண்டும். வைத்தேன். விசில். கையை ஊன்றவில்லை, இந்தத் தடவை ஊன்றவே இல்லை, குப்புறப் படுத்தபடி ஒரு விநாடி, ரெண்டு விநாடி, மூன்றாவதில் தலையைத் தூக்குகிறான், க்ளிப் முடிந்துவிட்டது. இருபத்தெட்டில் நிற்கிறான். எப்படி எழுந்தான், யார் தூக்கினார்கள், யாராவது ஏதாவது கேட்டார்களா, இடையில் என்ன ஆனது என்று எனக்குத் தெரிய வழியில்லை. எனக்குத் துண்டு துண்டாகத்தான் காட்டுவார்கள். செல்போன் கீழே லாக்கரில் இருக்கிறது, ஆறு மணி வரைக்கும் தரமாட்டார்கள். அல்போன்ஸ் மிச்சக் கேக்கைத் தட்டில் வைத்துக்கொண்டு வரிசையாகக் கொடுத்தபடி வந்தான். “சாப்டுங்கக்கா. நம்ம கொக்கு ஜெயிச்சிருச்சு, நீங்க ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க?” “சார், காலைல நீங்க முழுசாப் பாத்தீங்களா? அறுபத்து நாலு கடைசி வரைக்கும் ஆடுனானா?” “அறுபத்து நாலா? அது யாரு?” என்றான். கேலிக்கில்லை, உண்மையாகவே யோசித்தான். பிறகு ஞாபகம் வந்து முகம் மாறியது. “அக்கா, மறுபடியுமா?” “சும்மாத்தான் கேட்டேனுங்க.” “கவனிக்கலக்கா. நல்லாத்தான் இருப்பான்” என்று சொல்லிக் கேக்கை வைத்துவிட்டுப் போனான். நல்லாத்தான் இருப்பான். நானும் அன்றைக்கு அதைத்தான் நினைத்தேன், தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும் என்று.

ஆறு அம்பத்தஞ்சுக்குச் சாப்பிட எழுப்பப் போனேன். எழவில்லை. ஒரு கண் பாதி திறந்திருந்தது. பக்கத்து வீட்டு வண்டியில் போட்டுத் தாராபுரம் ரோட்டில் போகும்போதெல்லாம் அவரைப் பெற்ற அத்தை அவர் காலைத் தேய்த்துக்கொண்டே வந்தார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “அடிபட்டதுக்கப்புறம் தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல் ஏதாச்சும் இருந்துச்சாம்மா? ஏதாச்சும் சொன்னாரா?” அத்தை பக்கத்தில் நின்றார். நான் சொன்னேன், “ஒண்ணும் சொல்லலீங்க.” ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. யோசித்துச் சொன்னதில்லை, கை சுட்டால் இழுத்துக்கொள்கிற மாதிரி வாய் தானாகச் சொன்னது. உள்ளே ரத்தம் கசிந்து மூளையை அழுத்துகிறது, ரெண்டு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். நடுராத்திரி தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. அந்தப் பொய் அதோடு போயிருக்கலாம், போகவில்லை. ஊரே அதை வாங்கிக்கொண்டது. துக்கத்துக்கு வந்த ஒவ்வொருத்தியும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஒண்ணுமே சொல்லாமப் போயிட்டானே, ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டானே என்று அழுதார்கள். அத்தையும் அப்படித்தான் அழுதார். நான் அவர் மார்பில் முகத்தை வைத்துக்கொண்டு, சொன்னார், சொன்னார் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். காரியம் முடிந்து ஆறு மாசத்தில் கோயமுத்தூர் வந்து இந்த வேலையில் சேர்ந்துவிட்டேன். அத்தை தனியாக அந்த வீட்டில். மாசம் ஒரு சனிக்கிழமை போவேன், பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்வோம். என் வீட்டுக்காரரைப் பற்றி நாங்கள் ரெண்டு பேரும் பேசியதே இல்லை. நான் பயந்து பேசவில்லை. அத்தை என் மனசு நோகும் என்று பேசவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்தெட்டாவது க்ளிப். இதைத்தான் காலையிலிருந்து டிவியில் போட்டுக்கொண்டே இருந்தார்கள், கோடு தாண்டி ஓடுகிற ஓட்டம், ஆட்டத்தை முடித்த ஓட்டம். டிவியில் ஓடுகிறவனைக் காட்டினார்கள். எனக்கு வருவது மேலேயிருந்து மொத்தமாக எடுத்த படம். பந்து கை மாறுகிறது. எதிராளிகளில் ரெண்டு பேர் ஒரே இடைவெளிக்குள் பாய்கிறார்கள். அறுபத்து நாலு அந்த இடைவெளிக்குள் போய் ரெண்டு பேரையும் நெஞ்சில் வாங்கிக்கொள்கிறான். தலை, கழுத்து, இடது தோள், வலது தோள். மூன்று உடம்பும் ஒரே கட்டியாகிவிட, எது அவன் முழங்கால் என்று தேடித் தேடி வைக்கிறேன். அவன் திறந்துவிட்ட வழியில் பந்து வைத்திருக்கிறவன் ஓடுகிறான், ஓடிக்கொண்டே இருக்கிறான், கோட்டைத் தாண்டிவிட்டான். விசில். ஒரு விநாடி: எல்லாரும் அந்தக் கோட்டைப் பார்த்து ஓடுகிறார்கள், பெஞ்சில் இருந்தவர்கள்கூட. ரெண்டு: படத்தில் யாருமில்லை, பச்சைப் புல்லில் அவன் மட்டும். எழுந்து உட்கார்ந்திருக்கிறான். ஹெல்மெட்டைக் கழற்றப் பார்க்கிறான், தாடைக்குக் கீழே வார் இருக்கிற இடத்தை விட்டுவிட்டுக் காதுக்குப் பக்கத்தில் தேடுகிறான். மூன்று: இன்னும் தேடுகிறான். முடிந்துவிட்டது. திரும்பப் போட்டேன். எத்தனை தடவை போட்டாலும் அவன் அந்த வாரைக் கண்டுபிடிக்கப் போவதில்லை. மணி அஞ்சே முக்கால். அங்கே ஆட்டம் முடிந்து ஒன்பது மணி நேரம். குழந்தைவேலுக்கு ஒன்பது மணி நேரம் கிடைக்கவில்லை. குறிப்புப் பெட்டியைத் திறந்தேன். இந்தத் தடவை அழிக்கவில்லை. அறுபத்து நாலு எண் வீரருக்கு இருபத்தேழாவது க்ளிப்பில் தலையில் அடி, அதற்குப் பிறகும் ஆடியிருக்கிறார், முப்பத்தெட்டில் தன் ஹெல்மெட் வார் எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், தூங்க விடாதீர்கள் என்று எழுதி அனுப்பினேன். லாரிக்குக் கட்டம் போடச் சொன்னால் போட்டுக்கொள்கிறேன். நன்றி, உங்கள் பணி பெறப்பட்டது என்று வந்தது. அது எல்லாவற்றுக்கும் வருவதுதான்.

லாக்கரிலிருந்து செல்லை எடுத்துப் படிக்கட்டிலேயே நின்று தேடினேன். ஆட்டத்தைப் பற்றி ஆயிரம் செய்தி. தோற்றவன் அழுத படம், கப்புக்கு முத்தம் கொடுத்த படம். அவன் பெயரை எழுத்துக் கூட்டிப் போட்டுத் தேடியபோது அவன் பிறந்த ஊர்ப் பத்திரிகையில் சின்னதாக ஒன்று வந்தது, ஒரு மணி நேரத்துக்கு முன்னால் போட்டது. ஹால்வர்சனுக்கு இரவில் தலையில் ஆபரேஷன் நடந்தது, ரத்தக் கட்டியை எடுத்துவிட்டார்கள், கண் விழித்துவிட்டார், இனி விளையாட முடியாது. உயிரோடு இருக்கிறான். படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். கீழே அவன் பெண்டாட்டி சொன்னதைப் படத்தோடு போட்டிருந்தார்கள். குட்டை முடி, தூங்காத முகம், தோளில் கொக்குப் படம் போட்ட துண்டு. எல்லாரும் ஷாம்பெயின் ஊற்றிக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள், இவரும் குடித்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன், பிறகு பக்கத்தில் போய் முகத்தைப் பார்த்தேன், பார்த்ததும் பஸ்ஸில் ஏற விடவில்லை என்று சொல்லியிருந்தாள். நாலைந்து தடவை படித்தேன், இங்கிலீஷ் புரியவில்லையோ என்று. புரிந்தது. சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும், அந்த மனுஷன் பிழைத்துவிட்டான், நான் நவம்பரிலிருந்து பயந்தது நடக்கவில்லை. சந்தோஷம் வரவில்லை. அந்தப் பெண்ணின் மேல் பொறாமை வந்தது. இப்படி ஒரு பொறாமை எனக்கு எந்தப் பெண் மேலேயும் வந்ததில்லை, நகை பார்த்தோ பிள்ளை பார்த்தோ வந்ததில்லை. அவளுக்கும் அதே நினைப்புத்தான் வந்திருக்கிறது. எனக்கு வந்த அதே நினைப்பு. பக்கத்தில் போய்ப் பார்க்க அவளுக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? எனக்கோ, அடுப்பிலிருந்து அவர் நின்ற நிலைக்கு நாலே அடி.

காந்திபுரம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. கண்டக்டர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்ததும் அத்தைக்குப் போன் போட்டேன். திங்கட்கிழமை நான் கூப்பிடுவதில்லை. “என்ன சாமி, இந்நேரத்துல? ஒடம்புக்கு ஒண்ணுமில்லயே?” என்றார். “இல்லீங்கத்தை. ஒண்ணு சொல்லோணும்.” “சொல்லு.” வெயில் சாய்ந்து முகத்தில் அடித்தது, கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். “அன்னைக்கு அவரு ஒண்ணுஞ் சொல்லாமப் போகலீங்க. தல கனமா இருக்குதுன்னு எங்கிட்டச் சொன்னாரு. ரெண்டு தடவ சொன்னாரு. குடிச்சிருக்காருன்னு நெனச்சு நான் திட்டிப் போட்டு, போயிப் படுங்கன்னு சொல்லிப் போட்டேன். டாக்டர்கிட்ட மாத்திச் சொல்லீட்டேன். உங்ககிட்டயும்.” லைன் போய்விட்டதா என்று எடுத்துப் பார்த்தேன், விநாடி ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி காதில் வைத்தபோது மூச்சுக் கேட்டது. “வாசல்ல செருப்பு மாட்டத் தெரியாம நின்னான்” என்றார் அத்தை. “வந்தவன் செருப்பக் கழட்டோணும். இவன் எஞ் செருப்ப எடுத்து மாட்டப் பாக்கறான். நான் பாத்துட்டே நின்னேன். குடிச்சுப்போட்டு வந்துருக்கறான், நல்ல நாளும் அதுவுமா உனக்குத் தெரிஞ்சா சண்ட வருமுன்னு, வாயத் தொறக்காத, மூஞ்சியக் கழுவிப்போட்டு உள்ள போடான்னு நாந்தாஞ் சொல்லி உட்டேன். நீ திட்டுனது எனக்குக் கேட்டுது. கொறட்டயுங் கேட்டுது. தூங்கட்டும்னு இருந்துட்டேன்.” பிறகு, “டாக்டரு கேட்டப்ப நீ ஒண்ணுஞ் சொல்லலீன்னயா, அப்பாடான்னு இருந்துது எனக்கு. எங்கிட்ட அவரு கேக்கல பாரு” என்றார். பஸ் சிக்னலில் நின்றது, கிளம்பியது. யாரோ என் காலை மிதித்துவிட்டு சாரி என்றார்கள். “அழுவறயா கண்ணு?” “இல்லீங்க. நீங்க?” “நான் எதுக்கு அழுவறேன்?” என்றார், குரல் உடைந்துபோயிருந்தது. கணபதி தாண்டி, டெக்ஸ்டூல் பாலம் தாண்டி, ரெண்டு பேரும் போனை வைக்கவில்லை. “நாளைக்கு வாறயா?” என்று கேட்டார். நாளைக்குச் செவ்வாய்க்கிழமை, ஷிப்ட் இருக்கிறது. “வாறேனுங்கத்தை” என்றேன். காந்திபுரம் வந்து பஸ் காலியாயிற்று. இறங்குங்கம்மா, கடைசி ஸ்டாப் என்றார் கண்டக்டர். போனைக் காதிலிருந்து எடுக்காமல், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக இறங்கினேன்.